மூன்றாவது முறை கேட்பதற்கு முன்

இன்று காலை பல்வலிக்குக் கிராம்பு தேடி அஞ்சறைப்பெட்டியைத் திறந்தேன். வாசனை மூக்கில் ஏறியதும் அப்படியே அடுப்படியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். இன்று சனிக்கிழமை வேறு. நீ இருந்திருந்தால் பொழுது சாய்ந்ததும் உள்ளங்கையில் கிராம்பைப் பொத்திக்கொண்டு எங்கள் வீட்டுப் படியேறியிருப்பாய்.

ஜெருசலேமில் ஒரு யூதக் குடும்பத்தில், படுக்கையில் கிடந்த அம்மா ஒருவரைப் பல வருடம் பார்த்துக்கொண்டுவிட்டு ஆனையூருக்குத் திரும்பி வந்தவள் நீ. சனிக்கிழமை ஓய்வுநாள் முடியும்போது அந்த வீட்டில் எல்லோரும் கிராம்பை முகர்ந்துவிட்டுத்தான் புது வாரத்தைத் தொடங்குவார்களாம். அந்தப் பழக்கத்தோடு அவர்களுடைய நியாயங்களையும் சேர்த்துக் கொண்டுவந்தாய். மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் மல்லிகை என்ன விலை என்று சும்மா கேட்டுவைக்கக்கூட என்னை விட்டதில்லை. "வாங்குற எண்ணம் இல்லாம வெல கேக்காத. அந்தண்ணே மனசுல ஆசையக் கெளப்பிவிட்டுட்டுப் போறது பாவம்" என்பாய். உன்னோடு கடைக்குப் போவதே ஒரு தண்டனைதான், போ.

ஒருநாள் ஒரு பெண்ணின் விடைத்தாளை வகுப்பில் உரக்கப் படித்துக்காட்டி எல்லோரையும் சிரிக்க வைத்தேன். அப்புறம் மனசு கேட்காமல் தல்லாகுளம் பெருமாளுக்கு நெய்விளக்குப் போட்டுவிட்டு வந்து உனக்குத் துளசி கொடுத்தேன். வாங்கிக்கொண்டே, "பெருமாளையா நீ கேவலப்படுத்துன, டீச்சரம்மா? அந்தப் புள்ளையத்தானே? அங்க போ" என்றாய். நாலு பேர் முன்னால் ஒருவர் முகம் வெளுக்கும்படி செய்வது ரத்தம் சிந்துவதற்குச் சமம் என்று அந்த ஜெருசலேம் அம்மா உனக்குச் சொல்லியிருந்தாராம். மறுநாள் அதே வகுப்பில் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன்.

இப்போது என்ன செய்துவைத்திருக்கிறேன் தெரியுமா? பக்கவாதத்தில் விழுந்து கிடக்கும் என் வீட்டுக்காரரைப் பார்க்கப் புதன்கிழமை பஸ் டிப்போவிலிருந்து அவருடைய பழைய சிநேகிதர்கள் வந்தார்கள். அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே இவருடைய படுக்கை நனைந்துவிட்டது. பல ராத்திரி தூங்காத எரிச்சல் எனக்கு. "முன்னாடியே ஒரு சாடை காட்டக்கூடாதா? எம்புட்டுத்தான் நான் அள்ளுறது? மாட்டுக்குக்கூட இம்புட்டு அறிவு இருக்கும்" என்று கத்திவிட்டேன். வந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். அவர் முகம் வெளுத்ததை நான் கண்ணால் பார்த்தேனடி.

அன்றிலிருந்து சாப்பிட மாட்டேன் என்கிறார். கரண்டியைக் கொண்டுபோனால் பல்லை இறுக்கிக்கொள்கிறார். பக்கத்து வீட்டுக்காரி ஊட்டினாலும் அதேதான். தண்ணீர் மட்டும்தான் உள்ளே போகிறது. இப்படியே போனால் மூக்கில் குழாய் போடவேண்டும் என்கிறார் டாக்டர்.

மன்னிப்புக் கேட்டேன். முதல் தடவை சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டாம் தடவை கண்ணை மூடிக்கொண்டார். மறுபடி பெருமாளிடம் ஓடலாமா என்று கால் பரபரக்கிறது. யாரிடம் போய் யோசனை கேட்பேன்? நெஞ்சு வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லாமல் போய்ச் சேர்ந்த உன்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.

மத்தியானம்தான் புத்தியில் உறைத்தது. இரண்டு தடவையும் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டிருக்கிறேன். திட்டியது சபையில், மன்னிப்பு மட்டும் ரகசியத்திலா? அன்று வந்த சிநேகிதர் ஒருவருக்குப் போன் போட்டேன். "என்னம்மா, அவருக்கு எதுவும் ஆயிருச்சா?" என்று பதறினார்.

"இல்லண்ணே. நான் அவர்கிட்ட மன்னிப்புக் கேக்கணும். அன்னைக்கு வந்தவுக எல்லாரும் பக்கத்துல இருக்கணும்."

"கூட்டிட்டு வாரேம்மா" என்றார்.

மூன்று முறை மனதாரக் கேட்டும் மன்னிக்காவிட்டால் கேட்டவர்மேல் குற்றம் நிற்காது என்று யூதர்களிடம் ஒரு வழக்கம் உண்டு என்றாய். அந்தச் சலுகையை நீயே வைத்துக்கொள். குற்றம் என் தலையிலேயே கிடந்துவிட்டுப் போகட்டும். வாசலில் வண்டி வந்து நிற்கிறது. அவர் கடைசிவரை என்னை மன்னிக்காமலே இருக்கட்டும், கஞ்சிக்கு மட்டும் வாயைத் திறக்கட்டும்.