நீர்யானை பார்க்கப் போன அம்மா

என் அன்பு அப்பாவுக்கு,

போய்விட்டு வந்துவிட்டோம். ஒரு வருடம் முடிந்து செய்யும் உங்கள் ஆட்டைத் திவசம் இன்னும் வரவில்லை. ஆனாலும் அம்மாவும் நானும் கென்யாவுக்குப் போய், நைவாஷா ஏரியில் நீர்யானை பார்த்துவிட்டு ஜேர்மனிக்கு, எங்கள் ஹம் நகருக்குத் திரும்பிவிட்டோம். நாலு பேர் வாசிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அந்தப் பயணத்தை உங்களுக்கும் அம்மாவுக்குமாகப் பதிவு செய்தவர் நீங்கள்தானே? பாண் சுடும் தொழிற்சாலையில் இரவு வேலை செய்த இத்தனை வருடத்தில் உங்கள் லீவெல்லாம் எங்கே போனது? சொந்தக்காரரின் சாமத்தியவீடு, கலியாணவீடு என்று காரோட்டியே தீர்ந்தது. கொலோனில் மாமாவின் மகளுக்குக் கலியாணம் என்றபோது மண்டபத்தில் கதிரை சுமந்ததும் நீங்கள்தான். உங்களுக்கென்று கேட்டது ஒரு ஏரி. அதற்குள் நெஞ்சுவலி வந்துவிட்டது.

அம்மா போகக்கூடாது என்று முதலில் சொன்னவரும் அதே மாமாதான். புருசன் செத்து வருடம் திரும்புமுன் தன் தங்கை உல்லாசப் பயணம் போனால் சனம் என்ன கதைக்கும் என்றார். போதாததற்கு மாதாமாதம் உங்களுக்குப் படைக்கும் மாசியத்தில் எட்டாவதும் அந்தக் கிழமையில்தான் வந்தது. மூன்றாம் நாள் அம்மா மாசியத்துக்கென்று பயணப் பெட்டிக்குள் அரிசியும் பருப்பும் வைத்தார். உங்கள் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போட்டேன். பயண நிறுவனத்துக்கு அந்த மின்னஞ்சலை எழுதத்தான் கஷ்டப்பட்டேன்.

ஏரியில் தண்ணீர் ஏறி, கரையோர மரங்களெல்லாம் பட்டுப்போய் நிற்கின்றன, அப்பா. கிளைக்குக் கிளை நீர்க்காகம். படகுக்காரர் இயந்திரத்தை நிறுத்தியதும் கொஞ்சம் தள்ளிப் பத்துப் பதினைந்து முதுகுகள் தெரிந்தன. ஒன்று வாயைப் பிளந்தது. அம்மா என் கையைப் பிடித்தார்.

"நைற் வேலை முடிஞ்சு வந்த அப்பா மாதிரியெல்லே கொட்டாவி விடுது."

சிரித்தார். பிறகு அழுதார். சிரித்தபோதே நான் படம் எடுத்துவிட்டேன்.

மாசியத்தன்று விடுதிச் சமையல்காரர் தன் அடுப்பைத் தந்தார். கரையில் மரத்தடியில் காகத்துக்கு வைத்த சோற்றை ஒரு குரங்கு அள்ளிக்கொண்டு ஓடியது. நான் பதறி, குரங்கைத் துரத்தப் போனேன். அப்பா ஆரையும் கலைச்சுப்போட்டுச் சாப்பிட்டவரில்லை, விடு என்று அம்மா சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா சிரிக்கும் படத்தைக் குடும்ப வாட்ஸப்பில் போட்டேன். வேண்டுமென்றேதான். பத்து நிமிடத்தில் மாமா தொலைபேசி எடுத்து, கொஞ்சமும் வெட்கமில்லையா என்று தொடங்கினார். அம்மா என்னிடமிருந்து போனை வாங்கினார்.

"ஓம் அண்ணை, சிரிச்சனான்தான். அவர் செத்ததை உங்களுக்கு ஞாபகப்படுத்த நான் வீட்டுக்கை குந்தியிருக்க ஏலாது."

அப்படியென்றால் திவசத்துக்குத் தான் வரவில்லை என்றார் மாமா. அது உங்கள் விருப்பம் என்று அம்மா போனை வைத்தார். கொஞ்ச நேரத்தில் மாமா திரும்ப எடுத்தாரா என்று போனைப் பார்த்தார். இருப்பது ஒரே ஒரு அண்ணன் அல்லவா?

நீங்கள் இருந்திருந்தால் மாமாவுக்காகவும் பரிந்து பேசியிருப்பீர்கள். எனக்கு அந்தக் குணம் வரவில்லை, அப்பா.

ஒன்று மட்டும் வாக்குத் தருகிறேன். திவசத்தன்று மாமாவுக்கும் இலை போடுவோம், கதவும் திறந்தே இருக்கும். ஆனால் அம்மா சிரிக்கும் அந்தப் படத்தைப் பெரிதாக்கி வாசலில் மாட்டுவேன். வருகிறவர் எவரானாலும் அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும்.

உங்கள் பிடிவாதக்கார மூத்த மகள்,
தர்சி