புத்தம்புதிய இசைத்தட்டு

அக்கா,

போன சனிக்கிழமை லண்டன் ஈஸ்ட் ஹாமில் விழப் பார்த்தேன். அரிசியும் கருவாடும் வாங்கப் போன கடையில், மேல் அடுக்கிலிருந்த பவுடர் டின் ஒன்று விழுந்து மூடி கழன்று, நிலமெல்லாம் வெள்ளையாகக் கொட்டிக் கிடந்தது. கடைக்காரத் தம்பி, "அன்ரி, கவனம், சறுக்கும்!" என்று கத்தினார். சறுக்கத்தான் செய்தது. ஆனால் நான் விழவில்லை. என் வலது கால் என்னைக் கேட்காமலே ஓரடி வழுக்கிப் போய், குதிக்காலில் அரைவட்டம் திரும்பி நின்றது. கையில் கருவாட்டுப் பை வேறு. கடைக்காரர் திறந்த வாய் மூடவில்லை. "சறுக்கத்தானே தம்பி இதைப் போடுறது," என்றேன். அவருக்கு விளங்கவில்லை. உங்களுக்கு விளங்கியிருக்கும்.

அந்த மணம் வீடுவரை என் செருப்போடு வந்தது. இரவு சமைக்கும்போதும் போகவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். உங்களிடம் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது. நான் தந்த ஓர் இசைத்தட்டால், நீங்கள் ஆசைப்பட்டுக் காத்திருந்து பெற்ற ஒன்றை இழந்தீர்கள். அது எனக்குத் தெரியவந்த பிறகும் வாய் திறக்காமல் இருந்தேன். இப்போது கேட்க நீங்கள் இல்லை.

தோர்ண்டன் ஹீத் வீட்டில் நாங்கள் கீழ் அறைக்கு வந்து இரண்டு கிழமைதான் ஆகியிருந்தது. எண்பதுகளின் நடுப்பகுதி. இவர் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை முடித்து, ஞாயிறு காலையில் படுப்பார். அந்த நேரம் பார்த்து மேலே தொம் தொம் என்று சத்தம் தொடங்கும். "மேல என்ன, மா இடிக்கினமோ? போய்க் கேளும்," என்றார் இவர். சண்டை பிடிக்கத்தான் படியேறினேன். கதவைத் திறந்தால், அகன்ற பாவாடை குடையாக விரிய நீங்கள் பம்பரமாய்ச் சுற்றிக்கொண்டிருந்தீர்கள். தரையெல்லாம் வெள்ளைத் தூள்.

"கரப்பானுக்கு மருந்து போட்டிருக்கிறியளோ?" என்று கேட்டேன். வேறென்ன கேட்பது?

சிரித்துச் சிரித்து நிலத்திலேயே உட்கார்ந்துவிட்டீர்கள். "மருந்து இல்லலா, பவுடர். கால் வழுக்கணும்ல? உள்ள வா, கதவைச் சாத்து. தூள் பறக்குது."

உங்கள் ஈப்போத் தமிழ் எனக்கும் என் யாழ்ப்பாணத் தமிழ் உங்களுக்கும் பிடிபட ஒரு மாதம் எடுத்தது. நீங்கள் சுற்றிச் சுற்றி ஆடிய அந்தப் பாட்டுகளின் கதை பிடிபட இன்னும் கொஞ்சம். அமெரிக்காவில் கறுப்பினப் பாடகர்கள் அறுபதுகளில் பாடி, ஒருவரும் வாங்காமல் கிடங்கில் கிடந்த தட்டுகள். அவற்றை இந்த இங்கிலாந்தின் வடக்கில், ஆலைகளில் வேலை செய்த பிள்ளைகள் தேடிப்பிடித்து வந்து ஆடினார்களாம். அதனால்தான் அதற்கு நோர்தேர்ன் சோல் என்று பெயர். நீங்கள் மலேசியாவிலிருந்து நேர்ஸ் படிப்புக்கு வந்து இறங்கியது அந்த வடக்கில். குளிரில் அழுதுகொண்டிருந்த உங்களை, கூடப் படித்த பிள்ளைகள் ஒரு நாள் கையைப் பிடித்து இந்த ஆட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். "அன்னிக்குதான்டி எனக்கு இந்த ஊர்ல வேர்த்துச்சு," என்று சொல்வீர்கள்.

ஒவ்வொரு தட்டின் கடதாசி உறையிலும் பென்சிலால் மூன்று வரி எழுதி வைப்பீர்கள். எங்கே கிடைத்தது, எங்கே முதலில் போட்டது, ஆடுகிற ஃப்ளோர் எவ்வளவு நிறைந்தது. மூன்றாவது வரியில் ஃபுல், பாதி, காலி என்ற மூன்றில் ஒன்றுதான் இருக்கும். மருத்துவமனையில் காய்ச்சல் குறிக்கிற பழக்கம் உங்களை வீட்டிலும் விடவில்லை என்று நான் பகிடி பண்ணுவேன்.

ஞாயிறு மத்தியானங்களில் குரொய்டன் பக்கத்துப் பப் ஒன்றின் மேல்மாடி மண்டபத்தில் ஆட்டம். என்னையும் கூட்டிக்கொண்டு போனீர்கள். பப் என்றதும் இவர் முகம் கறுத்தது. ஆனால் அங்கே குடித்தவர்களைக் காணவில்லை. எல்லாரும் பையில் துவாயும் மாற்றுச் சட்டையும் கொண்டு வந்து, தண்ணீரும் சோடாவும் குடித்து, வேர்க்க வேர்க்க ஆடினார்கள். ஆணும் பெண்ணும் கட்டிப்பிடிக்கவும் இல்லை. ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சுழன்றார்கள், ஒருவரோடு ஒருவர் முட்டாமல். வீட்டுக்கு வந்து இதை நான் இவருக்குத் திரும்பத் திரும்பச் சொன்னேன். மறுமுறை போனபோது ஒரு பெட்டி நிறைய, இறைச்சிக் கறி வைத்துச் சுருட்டிய ரோல்ஸ் பொரித்துக்கொண்டு போனேன். ஆடிக் களைத்த வெள்ளைக்காரர்கள் உறைப்பில் கண்ணீர் வடித்துக்கொண்டு இரண்டாவதற்கும் கை நீட்டினார்கள்.

நான் ஆடவில்லை. சேலையோடு சுவரோரம் கதிரையில் இருந்து பார்ப்பேன். நீங்கள் வீட்டில் எனக்கு இரண்டு அடி காட்டித் தந்திருந்தீர்கள். சமையலறையில் ஆள் இல்லாத நேரத்துக்கு அது போதும் என்று இருந்தேன்.

அந்த மண்டபத்தில் தட்டுப் போடுகிறவர்கள் எல்லாரும் ஆண்கள். வடக்கிலிருந்து வந்த நெட்டையர் ஒருவர்தான் பொறுப்பு. உங்களிடம் நல்ல தட்டுகள் இருப்பது அவருக்குத் தெரியும். இருந்தும் இரண்டு வருடம் உங்களைக் காக்க வைத்தார். கடைசியில் நாலு மணியிலிருந்து நாலரை வரை தட்டுப் போட உங்களுக்கென்று கிடைத்தது. அந்த அரை மணிக்காக வார்டில் மற்றவர்களின் ஷிப்டையெல்லாம் இழுத்துப் போட்டுச் செய்தீர்கள். மேடையில் நிற்கும்போது உங்கள் முகத்தைப் பார்ப்பதற்காகவே நான் வந்தேன். அந்த முகத்தை வேறெங்கும் நான் கண்டதில்லை.

இனி என் கெட்டித்தனத்துக்கு வருகிறேன்.

ஒரு பாட்டை நீங்கள் யூனிஃபோர்ம் அயர்ன் பண்ணும்போதெல்லாம் முணுமுணுப்பீர்கள். பியானோ நெடுநேரம் தனியாக ஓடி, இனி வரமாட்டாள் என்று நினைக்கும்போது அந்தப் பெண்குரல் வரும். வடக்கில் கேட்டது, வருடக்கணக்காகத் தேடியும் அகப்படவில்லை என்றீர்கள். உங்கள் பிறந்தநாள் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. அதற்கு முதல் நாள் சந்தையில் இசைத்தட்டுக் கடைகளைத் தேடிப் போனேன். பாட்டின் பெயர் தெரியாது. ஆகவே கடைக்காரர் முன் நின்று முணுமுணுத்துக் காட்டினேன். முதல் இருவரும் சிரித்தார்கள். மூன்றாமவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, பெட்டிக்குள் கைவிட்டு எடுத்துத் தந்தார். பளபளவென்று, ஒரு கீறல் இல்லாமல், புதுச் சப்பாத்துபோல மணத்தது. வருடக்கணக்காகத் தேடியும் கிடைக்காத ஒன்று பத்து நிமிடத்தில் எப்படிக் கிடைத்தது என்று ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. எங்கள் ஆட்கள் பழசை யாருக்காவது பரிசாகக் கொடுப்பார்களா? புத்தம்புதுசாகக் கிடைத்ததே என்று தலைகால் தெரியாத சந்தோஷப் புளுகத்தோடு வந்தேன்.

நீங்கள் பொதியைப் பிரித்தீர்கள். தட்டைத் திருப்பிப் பார்த்தீர்கள். விரலால் நடுவில் ஒட்டியிருந்த தாளைத் தடவினீர்கள்.

"எங்கடி வாங்கின?"

சொன்னேன். முணுமுணுத்ததையும் சொன்னேன். என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டீர்கள்.

"இண்டைக்கே போடுங்கோ அக்கா. நான் கேக்கோணும்."

என் முகத்தைப் பார்த்தபடி தட்டை உங்கள் பெட்டியில் வைத்தீர்கள். பிறகு, "போடறேன்லா," என்றீர்கள்.

அன்று உங்கள் கடைசித் தட்டாக அதைப் போட்டீர்கள். பியானோ தொடங்கியதும் எல்லாரும் ஓடி வந்தார்கள். குரல் வருவதற்குள் மேடைக்கு அருகில் நின்ற ஒருவர் சுழலும் தட்டை எட்டிப் பார்த்தார். பக்கத்திலிருந்தவர் காதில் ஏதோ சொன்னார். அது காதுக்குக் காது போக, ஒவ்வொருவராக ஆட்டத்தை நிறுத்தி, கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினார்கள். ஒரு நிமிடத்தில் வெறும் பவுடர்தான் தரையில் கிடந்தது. அவர்களுக்குப் பாட்டுப் பிடிக்கவில்லை போலும் என்று நினைத்தேன். உங்கள் பிறந்தநாளில், உங்கள் பாட்டுக்கு, ஒருவரும் இல்லையா? எனக்கு ஆத்திரம் வந்தது. செருப்பைக் கழற்றி, சேலையைக் கணுக்காலுக்கு மேலே சொருகிக்கொண்டு நடுவில் போய் நின்றேன். சமையலறையில் ஆடிய இரண்டு அடியையும் திரும்பத் திரும்ப ஆடினேன். ஒரு தரம் சறுக்கி, விழாமல் திரும்பியும் விட்டேன். நீங்கள் மேடையில் சிரித்துக்கொண்டு கண்ணைத் துடைத்தீர்கள். சந்தோஷக் கண்ணீர் என்றுதான் நான் வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த ஞாயிறு நீங்கள் போகவில்லை. "ஷிப்ட் மாத்திட்டாங்க," என்றீர்கள். அதற்கடுத்த ஞாயிறும் அதே பதில். நம்பினேன்.

பிறகு காலம் தன்பாட்டில் போனது. எங்களுக்குப் பிள்ளைகள் பிறந்தார்கள். செவன் கிங்ஸில் வீடு வாங்கினோம். ஞாயிறுகளைத் தமிழ்ப் பள்ளியும் கோயிலும் எடுத்துக்கொண்டன. மண்டபம் கம்பளக் கடையானது. தேடித் திரிந்த பாட்டுகள் எல்லாம் ஒரே சீடியில் இருபத்தைந்தாக வந்தன. "தேடுறதுக்கு ஒண்ணுமே இல்லாம பண்ணிட்டானுங்க," என்று நீங்கள் தொலைபேசியில் புறுபுறுத்தது நினைவிருக்கிறது.

தொண்ணூறுகளின் நடுவில் நான் உடுப்புத் திருத்தும் சின்னக் கடை தொடங்கியிருந்தேன். ஒரு நாள் தலை நரைத்த வெள்ளைக்காரர் ஒருவர் பழைய அகன்ற காற்சட்டை ஒன்றைக் கொண்டு வந்தார். இடுப்பைப் பெருப்பிக்க வேண்டுமாம், ஆடுவதற்கு. நான் குண்டூசிகளை வாயில் வைத்துக்கொண்டு அளவெடுத்தேன். அவர் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "நீ அந்த ரோல்ஸ் பெண்மணி அல்லவா?" என்று கேட்டார். பிறகு உங்களைப் பற்றிச் சொன்னார். அந்த நேர்ஸ் எங்கள் எல்லாரையும்விட விஷயம் தெரிந்தவள், எதற்காக அன்று ஒரு கள்ளத் தட்டைப் போட்டாள் என்று இன்றுவரை எங்களுக்கு விளங்கவில்லை என்றார். அசலிலிருந்து திருட்டுத்தனமாகப் படி எடுத்து விற்பது அது; நடுவில் ஒட்டிய தாளைப் பார்த்தாலே தெரியுமாம். பாடியவளுக்கு ஒரு சதம் போகாது. அந்த மண்டபத்தில் அதைப் போடுவது பெரிய அவமானம். தெரியாமல் போட்டேன் என்று ஒரு சொல் சொல், அரை மணி உனக்கே இருக்கட்டும் என்று நெட்டையர் கேட்டாராம். "தெரிந்துதான் போட்டேன்" என்று சொல்லிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டீர்களாம்.

வாயில் ஊசிகள் இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

நான் தந்தேன் என்று ஏன் சொல்லவில்லை, அக்கா? தட்டைக் கண்டதுமே உங்களுக்குத் தெரிந்திருக்கும். "இது வேணாம்டி, இது கள்ளம்," என்று காலையிலேயே எனக்குச் சொல்லியிருக்கலாம். நான் ஒரு நாள் முகம் சுருங்கியிருப்பேன், அவ்வளவுதான். அந்த ஒரு நாளுக்காக உங்கள் அரை மணியைக் கொடுத்துவிட்டீர்கள். கள்ளத் தட்டுப் போடக் கூடாது என்ற அந்த விதி தவறென்று நீங்கள் நினைத்தவரும் இல்லை. பாடியவளுக்குச் செய்கிற மரியாதை அது என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் எனக்கு அது இன்னும் தாங்க முடியாமல் இருக்கிறது.

காற்சட்டைக்காரர் வந்துபோன அன்று மாலையே உங்களுக்குத் தொலைபேசி எடுத்தேன். "என்னா, சொல்லு," என்றீர்கள். "சும்மாதான் அக்கா. ரோல்ஸ் செய்தனான்," என்றேன். அதற்குப் பிறகு, நீங்கள் வேலை செய்த அதே மருத்துவமனையில் நோயாளியாகப் படுத்திருந்தபோது ஆறு தரம் வந்தேன். ஆறு தரமும் தோடம்பழம் உரித்துத் தந்துவிட்டுத் திரும்பினேன். கடைசி நாளில் நீங்களாகவே, "சேலையோட ஆடினியே," என்று சொல்லி, இருமல் வரும்வரை சிரித்தீர்கள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். தண்ணீர் எடுத்துத் தந்தேன்.

உங்கள் பெட்டிகள் எல்லாம் நீங்கள் எழுதி வைத்தபடி நெட்டையருக்குப் போயின. ஒரே ஒரு தட்டை மட்டும் உங்களோடு வேலை செய்த நேர்ஸ் என்னிடம் கொண்டு வந்து தந்தார். உறையில் பென்சில் எழுத்து. முதல் வரி: கீழ் ரூம் தங்கச்சி கொடுத்தது. இரண்டாவது வரியில் மண்டபத்தின் பெயர். மூன்றாவதை வாசிக்கப் பயமாக இருந்தது. காலி என்றுதான் இருக்கும் என்று நினைத்தேன். நீங்கள் எந்த உறையிலும் பொய் எழுதியவர் இல்லை.

ஃபுல் என்று எழுதி, கீழே ஒரு கோடு இழுத்திருந்தீர்கள்.

அந்தக் காற்சட்டைக்காரர் அண்மையில் மறுபடியும் வந்தார், இடுப்பை இன்னும் கொஞ்சம் பெருப்பிக்க. இப்போது இளம்பிள்ளைகள் கணினியிலிருந்து போட்டு ஆடுகிறார்களாம். அசலா என்று கேட்க ஆள் குறைந்துவிட்டதாம். அவருக்கு அதில் கவலை. எனக்கு எந்தப் பக்கம் கவலைப்படுவது என்று தெரியவில்லை.

இன்று ஞாயிறு. சறுக்கிய அந்த ஈஸ்ட் ஹாம் கடையில் நானும் ஒரு பவுடர் டின் வாங்கி வந்திருந்தேன். மேல் அறையின் கம்பளத்தைச் சுருட்டிவிட்டுக் கொஞ்சம் தூவினேன். தட்டைப் போட்டேன். பியானோ தனியாக ஓடியது. அவள் வந்தாள். எனக்கு இன்னமும் அந்த இரண்டு அடிதான் தெரியும். கீழேயிருந்து இவர், "மேல என்ன, மா இடிக்கிறீரோ?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியாமல் போச்சு அக்கா. தெரிஞ்ச பிறகும் சொல்லாமல் விட்டிட்டன். என்னை மன்னியுங்கோ.

ஃப்ளோர் ஃபுல்.