வலது கை நகங்கள்

உபெதா,
ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்

என் அன்பு மகள் அராசெலிக்கு அம்மா எழுதிக்கொள்வது. நாங்கள் இருவரும் இங்கே இருக்கிறபடி இருக்கிறோம், அந்த எடின்பரோ மழை உன் எலும்பில் இறங்காமல் நீ நலமாயிருக்க வேண்டும் என்று குவாதலூப்பே மாதாவிடம் கேட்டுக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். கையெழுத்தைப் பார்த்துவிட்டு அம்மாவுக்கும் ஏதோ ஆகிவிட்டது என்று பதறாதே, எனக்கு ஒன்றுமில்லை. வலது கையில் நகம் வளர்த்திருக்கிறேன், அது பேனாவைச் சரியாகப் பிடிக்க விடமாட்டேன் என்கிறது. இந்த வயதில் உனக்கு எதற்கம்மா நகம் என்று கேட்பாய், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. போனில் சொல்லலாம்தான், ஆனால் இந்த வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் அப்பா காதில் விழும். பேச்சுதான் போயிற்றே தவிர அவருக்குக் காது நம் எல்லோரையும்விட நன்றாகக் கேட்கிறது.

ஆலிவ் மரங்கள் பூத்துவிட்டன, எனக்குத் தும்மல் ஆரம்பித்துவிட்டது. மாடி வீட்டு ரெமெதியோஸ் முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு முன்பைவிட வேகமாகப் படியிறங்கி வம்பு பேச வருகிறாள், உன்னை விசாரித்தாள். நீ அனுப்பிய கம்பளிச் சட்டையை அப்பாவுக்குப் போட்டுப் பார்த்தேன், தோள் கொஞ்சம் தொளதொளவென்றிருக்கிறது, ஆள் இளைத்துவிட்டார். போன வாரம் நீ கேட்டாயே, "ஏம்மா, அப்பா ஏன் எங்கிட்ட மட்டும் இப்படி இருக்காரு? போனைக் காதுல வச்சா மூஞ்சியத் திருப்பிக்கிறாரே, எம்மேல கோபமா?" என்று. தூக்கக் கலக்கம் என்று சொல்லிச் சமாளித்தேன். அது பொய், கண்ணே. அன்று முதல் அந்தப் பொய் தொண்டையில் மீன் முள்ளாகச் சிக்கிக்கொண்டிருக்கிறது. ஆகவே உள்ளதை உள்ளபடி எழுதிவிடுகிறேன், நீ அழுதாலும் பரவாயில்லை, அழுது முடித்துவிட்டு கடைசிவரை படி.

அப்பா பக்கவாதத்தில் விழுந்த பிறகு ஆஸ்பத்திரியில் வலது கை முஷ்டியாக மடங்கிக்கொண்டது உனக்குத் தெரியும். நகங்கள் உள்ளங்கையில் குத்திப் புண்ணாக்கின. உன்னிடம் போனில் கேட்டேன், "நகத்த ஒட்ட வெட்டிரும்மா, புண்ணு சீழ் வச்சிடும்" என்றாய். நீ நர்ஸ், நீ சொன்னது சரிதான், இன்றைக்கும் சரிதான் என்பேன். தப்பெல்லாம் நான் அதைச் செய்த விதத்தில்தான் இருக்கிறது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, "அராசெலியே வெட்டச் சொல்லிட்டா, அவளுக்குத் தெரியாததா? இனிமே இது எதுக்கு உங்களுக்கு?" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டே வெட்டினேன். அவருக்கு மனம் இலகுவாகட்டும் என்று விளையாட்டாகத்தான் சொன்னேன். அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டைவிரலுக்கு வந்தபோது கண்ணில் நீர் வழிந்தது. வலிக்கிறது போல என்று நினைத்து, "இதோ ஆச்சு, இதோ ஆச்சு" என்று இன்னும் வேகமாக வெட்டி, வெட்டியதையெல்லாம் காகிதக் கைக்குட்டையில் சுருட்டிக் குப்பையில் போட்டுவிட்டேன்.

அந்த நகங்கள் எப்படிப்பட்ட நகங்கள் என்று உனக்குத் தெரியாதா, எனக்குத்தான் தெரியாதா. காலமெல்லாம் ஹயேனுக்குப் பஸ் ஓட்டினார், பெட்டியைத் தூக்கி மேலே வைக்கும்போதும் சக்கரம் மாற்றும்போதும் வலது கைக்கு மட்டும் உறை போட்டுக்கொள்வார். டிப்போவில் கேலி செய்யாத ஆள் கிடையாது. "எலாதியோ, ராணியம்மா கையக் குடுங்க, முத்தம் குடுக்கணும்" என்று வரிசையில் நிற்பார்களாம். இவரும் கையை நீட்டுவாராம், அந்த மனிதர் யார்மேல் கோபித்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை காப்பி குடித்துக்கொண்டே வலது கையை உன்னிடம் நீட்டுவார், நீ அந்தக் குட்டை முக்காலியில் உட்கார்ந்து நாக்கைத் துருத்திக்கொண்டு சின்ன அரத்தால் நகங்களைத் தேய்ப்பாய். பிறகு சாயங்காலம் கிதாரை எடுத்து மடியில் வைத்து அந்த நகங்களால் மீட்டுவார். மேடைக்கா, காசுக்கா, ஒன்றுமில்லை, அவருக்காகத்தான். நான் அப்போது என்ன செய்தேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் தேய்த்தேன், ரேடியோ வைத்தேன், தெருவில் போகிறவளைக் கூப்பிட்டுப் பேசினேன். ஒரு நாளாவது ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து முழுசாக ஒரு பாட்டைக் கேட்டேனா? கேட்கவில்லை. எங்கே போய்விடப் போகிறது, நாளைக்கும்தானே வாசிப்பார் என்றிருந்தேன். இப்போது வீட்டில் குழாய்ச் சத்தம் ஒன்றுதான் இருக்கிறது, அதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகு அவர் எதற்கும் ஒத்துழைக்கவில்லை. மிச்சமிருக்கிற ஒரே சொல் "இல்லை". பசிக்கிறதா என்றாலும் இல்லை, பசிக்கவில்லையா என்றாலும் இல்லை. பயிற்சி கொடுக்க வருகிறவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இடது கைல ஒரு குறையும் இல்லீங்க, அவர்தான் தூக்க மாட்டேங்கறார். இப்படியே விட்டா அதுவும் மறந்துடும், அப்புறம் காலத்துக்கும் நீங்கதான் ஊட்டணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஸ்பூனை இடது கையில் வைத்தால் அப்படியே நழுவ விட்டுவிடுவார். ரேடியோவில் கிதார் வந்தால் நன்றாக இருக்குமே என்று வைத்தேன், கண்ணை மூடிக்கொண்டு "இல்லை, இல்லை" என்றார், நிறுத்திவிட்டேன். அப்போதுதான் எனக்கு ஒரு கிறுக்கு யோசனை வந்தது. இந்த மனிதருக்கு நல்ல வாசிப்பு வேதனையாக இருக்கிறது, சரி, ஆனால் தப்பான சுரத்தை வாழ்நாளில் அவர் பொறுத்துக்கொண்டதே கிடையாது, பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் எவனோ அபசுரமாக வாசித்தான் என்று விருந்தைப் பாதியில் விட்டு எழுந்து வந்தவர். நான் கண்டபடி வாசித்தால் திட்டுவதற்காகவாவது கையை ஓங்க மாட்டாரா? சிரிக்காதே. எனக்கு அதைவிட நல்ல மருந்து தெரியவில்லை.

அப்படித்தான் அலமாரிக்கு மேலேயிருந்து அவர் கிதாரை இறக்கிக்கொண்டு நம் பேட்டைப் பண்பாட்டுக் கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். சொல்லிக் கொடுக்கிறவள் நியேவெஸ், உன் வயதுகூட இருக்காது. என்னோடு படிக்கிறவர் கசிமிரோ, கறிக்கடை வைத்திருந்தவர், அவர் ஒரு விரலை வைத்தால் இரண்டு கம்பி அமுங்கும். முதல் நாளே ஏதாவது பாட்டு வாசிக்கலாம் என்று போனேன், அவள் எனக்கு உட்காரத்தான் சொல்லித் தந்தாள். இடது காலைச் சின்னப் பலகையில் தூக்கி வை, கிதாரை இடது தொடையில் நிறுத்து, தோளை இறக்கு, மூச்சை விடு. "அம்மா, கிதாரைக் கழுத்தப் புடிச்சு நெரிக்காதீங்க, அது எங்கயும் ஓடிப் போகாது" என்றாள். பிறகு வாரக்கணக்காக வெறும் கம்பிகள்தான், கட்டைவிரலால் மி கம்பி, லா கம்பி, ரே கம்பி, மறுபடி மி. இடது கை விரலை வைக்க ஆரம்பித்ததும் நுனியெல்லாம் தீப்பட்டது மாதிரி எரிந்தது, அவ்வளவு அழுத்தியும் சுரம் வரவில்லை, தகர டப்பாவில் ஈ மாட்டிக்கொண்ட சத்தம்தான் வந்தது. இடது கை நகத்தை ஒட்ட வெட்டு, வலது கையில் வளர்த்துக்கொள் என்றாள். ரெமெதியோஸ் என் கையைப் பார்த்துவிட்டு, "ஏண்டி ஃபுவென்சாந்தா, கல்யாணத்துக்குத் தயாராகுறியா? ஒரு கைக்கு மட்டும்தான் மாப்பிள்ளை கெடச்சானா?" என்று படிக்கட்டெல்லாம் கேட்கிறமாதிரி சிரித்தாள். நான் வீட்டில் அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து தினமும் வாசித்தேன், தப்புத் தப்பாக வாசித்தேன், வேண்டுமென்றே செய்யத் தேவையே இருக்கவில்லை. அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது, இவர் உள்ளே இல்லவே இல்லையோ என்று.

நகம் வளர்ப்பது என்ன பெரிய காரியம், அதுவாக வளர்கிறது என்றுதானே நினைப்போம். அப்படியில்லை, பெண்ணே. பாத்திரம் தேய்க்கக் கையுறை, பூண்டு உரிக்கக் கத்தி, பொத்தான் போட இடது கை. படுக்கை விரிப்பைச் செருகும்போது ஒன்று மடங்கும், கதவுச் சாவியில் ஒன்று கீறும். நாள் முழுக்க கம்பி மீட்டுகிற அந்த நாலு விரலை நினைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கடைசியில் கட்டைவிரல் நகம் நியேவெஸ் கேட்ட அளவுக்கு வந்து, கம்பியிலிருந்து முதல் தடவையாகக் கேட்கக்கூடிய ஒரு சத்தமும் வந்தது. போன வியாழக்கிழமை பச்சை மொச்சை உரிக்கும்போது மறதியாக அந்த விரலைக் கொடுத்துவிட்டேன், நகம் பாதியில் ஒடிந்தது. அராசெலி, நான் சமையலறையில் உட்கார்ந்து அழுதேன். ஒரு நகத்துக்கு. அழுதுகொண்டிருக்கும்போதே ஆஸ்பத்திரிக் கட்டில் ஞாபகம் வந்தது. நான் வசந்தகாலம் முழுக்க வளர்த்ததற்கே இப்படி என்றால், அவர் கல்யாணத்துக்கு முன்னாலிருந்து காப்பாற்றி வந்ததை நான் அரட்டை அடித்துக்கொண்டே வெட்டிப் போட்டேன். இனிமேல் நீங்கள் வாசிக்கப் போவதில்லை என்று டாக்டர்கூட அவரிடம் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன், அதுவும் உன் பெயரைச் சொல்லி. அவருக்கு உன்மேல் கோபம் இருந்தால் அது நான் மூட்டியது. எங்கள் இருவரையும்விட அந்தக் கையை நன்றாக அறிந்தவள் நீதான், நீயே வேண்டாமென்று சொல்லிவிட்டதாக அவர் நினைத்திருக்கிறார்.

அன்று சாயங்காலம் முகத்தைக் கழுவிக்கொண்டு வழக்கம்போல அவர் எதிரே உட்கார்ந்தேன். ஒடிந்த நகம் கம்பியில் உரசி, சட்டி சுரண்டுகிற சத்தம் வந்தது. இன்னொரு தரம் தட்டினேன், இன்னும் மோசம். "இல்லை" என்றார். ஜன்னலைப் பார்த்துச் சொல்லவில்லை, என்னைப் பார்த்துச் சொன்னார். "இல்லை, இல்லை, இல்லை" என்று சத்தம் போட்டு, இடது கையைத் தூக்கிக் கிதார்ப் பெட்டியைக் காட்டினார். எனக்கு ஒன்றும் புரியாமல் பெட்டியைக் கொண்டுபோய் மடியில் வைத்தேன். பெட்டிக்குள் இருக்கிற அந்தச் சின்ன அறையைத் திறந்து அரத்தை எடுத்தார், உன்னுடைய அந்தப் பழைய அரம்தான். என் கையை இழுத்து, மடங்கிக் கிடக்கிற தன் வலது கைமேல் வைத்துக்கொண்டு, இடது கையால் தேய்க்க ஆரம்பித்தார். பழகாத கை, இரண்டு மூன்று தரம் தோலையும் சேர்த்துத் தேய்த்தார், நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. தேய்த்து, ஊதி, நகத்தைத் தன் உதட்டில் உரசிப் பார்த்து, மறுபடி தேய்த்தார். நான், "என்னை மன்னிச்சிருங்க எலாதியோ, எனக்குத் தெரியலை" என்று சொன்னேன். அவர் "இல்லை" என்றார். எதற்கு இல்லை என்று எனக்குத் தெரியாது, நானும் கேட்கவில்லை. பிறகு லா கம்பியைத் தட்டினேன். சமையலறையில் நான் காது கொடுக்காமல் விட்ட சத்தம் அதுதான், அப்படியே வந்தது. ஒரே ஒரு சுரம்தான். அதற்குமேல் எனக்கு வாசிக்கத் தெரியாது, அவராலும் முடியாது. அதை நினைத்தால் நெஞ்சு ஆறவில்லை.

அன்று ராத்திரி மொச்சைச் சூப்பு கொடுக்கும்போது ஸ்பூனை என் கையிலிருந்து அவரே வாங்கிக்கொண்டார். பாதி நீ அனுப்பிய சட்டைமேல் போயிற்று, கறை போகுமா தெரியவில்லை. நான் துடைக்கப் போகவில்லை.

உனக்குச் சொல்ல வேண்டியது இதுதான். போன் செய்வதை நிறுத்திவிடாதே, முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் காதை வைத்துவிட்டு நான் பிடித்துக்கொள்கிறேன், நீ பேசு. மன்னிப்பெல்லாம் போனில் கேட்காதே, அங்கே வேலை நேரத்தில் இதை நினைத்து மனதைக் குழப்பிக்கொள்ளாதே, வேளைக்குச் சாப்பிடு. கன்னிமாதா உன்னைத் தன் போர்வைக்குள் வைத்துக் காக்கட்டும், உன் கை தொட்ட நோயாளிகள் எல்லாம் எழுந்து நடக்கட்டும். ஆகஸ்டில் கட்டாயம் வா. அப்பாவுக்கு வலது கை நகங்கள் மறுபடி வளர்ந்துவிட்டன, உள்ளங்கையில் குத்தாதபடி துணியைச் சுருட்டி வைத்துக் காலையும் மாலையும் மாற்றுகிறேன். முக்காலியைத் துடைத்து அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டிருக்கிறேன். அந்த நகங்களை நான் தொடவில்லை, நீ வந்து தேய்த்துவிடு.

என்றும் உன்னை நினைத்திருக்கும் அம்மா,
ஃபுவென்சாந்தா