திறவாத கண்ணைத் திறந்த கை

திருவருள் முன்னிற்க.

கார் கழிந்து கூதிர் பிறந்தது என்று நாளறிவோர் கூறுகின்றனர். ஆயினும் வேயாற்றின்மேல் கவிந்த மேகம் பொழியவும் இல்லை, கலையவும் இல்லை. முல்லையின் மொட்டுகள் விரியாமலே கருகி உதிர்கின்றன. மாடத்துப் புறாக்கள் குரலடக்கிச் சிறகொடுங்கி இருக்கின்றன. அந்திப் பூசையின் மணியோசை அக்கரை சேராமல் நடுவாற்றிலேயே அமிழ்கிறது. வாராத இடியை எதிர்பார்த்து உயிர்களெல்லாம் மூச்சடக்கி நிற்கும் பருவத்தில் இவ்வோலை எழுதப்படுகிறது.

கலங்கள் தொழும் கரைவிளக்கை அணையாது காப்பவரும், திரையர் குலத் தோன்றலும், கானற்பெருந்துறையின் காவலருமாகிய பெருங்கடலனார் திருமுன்பு, வேயாற்று வேந்தர் நெடுவேலாதனாரின் திருவாய்மொழி கேட்டு, அவர்தம் ஓலைநாயகம் மருதங்கிழான் சேந்தன் பணிந்து விடுக்கும் ஓலை. நும் துறையில் அலை அடங்குக. நும் வலையில் மீன் நிறைக. நும் கோயில் வாயில் என்றும் அடையாதிருக்க.

கவைத்துறைப் போரில் இரு நாட்டு இளைஞரும் ஒரே நீரில் வீழ்ந்ததை நீவிர் மறந்திரீர். அந்நீர் தெளியுமுன்னே நும் தந்தையாரும் எம் வேந்தரும் சேயோன் சந்நிதியில் வாளைக் கீழே வைத்தனர். ஆற்றுநீர் எவர் வாய்க்காலில் முதலில் பாய்வது என்பதை ஆண்டுதோறும் வல்லுப்பலகையில் காய் நகர்த்தி ஆடியே தீர்ப்பது என்று உறுதி செய்தனர். அன்றுமுதல் இன்றுவரை கவைத்துறையில் குருதி சிந்தியதில்லை.

அப்பலகையில் நகரும் எம் காய்களைக் கருங்காலியில் கடைந்து, முகம் எழுதியவள் உமையாழ்வி என்னும் ஓவியப்பெண். ஒவ்வொரு காயும் அப்போரில் சென்ற ஒருவனின் முகம். எவனுடைய முகத்தையும் அவள் தன் விருப்பால் எழுதினாளில்லை. அவனவன் வீட்டு வாயிலில் அமர்ந்து, தாயின் கையால் வெற்றிலை பெற்ற பின்னரே தூரிகை தொட்டாள். கண் திறப்பதற்கோ மீண்டும் ஒருமுறை கேட்டல் வேண்டும். கண் திறந்தால் அவன் இறந்தான் என்று இல்லம் ஏற்றுக்கொண்டதாகும். அன்றே அவனுக்கு நீர்க்கடன் செய்து, அவன் வரவுக்கென ஏற்றிய விளக்கை அமர்த்துவர். இது எம் நாட்டு வழக்கு.

ஒரு காய்க்கு மட்டும் கண் திறக்கப்படவில்லை. அது அப்போரின்போது ஆற்றுவெள்ளம் கொண்டுபோன எயினனின் முகம். அவன் உடல் கிடைக்கவில்லை. அவன் தாய் கொற்றி முகம் எழுத இசைந்தாள், கண்ணுக்கு இசையவில்லை. “கண்ணை அவனே வந்து திறந்துகொள்ளட்டும், தாயே. நீ அவசரப்படாதே” என்றாள். உமையாழ்வி அச்சொல்லைத் தலைமேற்கொண்டாள். வெறுமையான அவ்விரு குழிகளோடுதான் அக்காய் ஆண்டுதோறும் ஆடியது.

சென்ற ஆட்டத்தின்போது எம் காய்கள் நும் விருந்தினர் மண்டபத்தில் வைக்கப்பட்டிருந்தன. அங்கே நும் ஊர் அரக்குவினைஞன் மாநாகன் என்பான் களிமண்ணை ஒற்றி அச்செடுத்தான். இன்று அம்முகங்கள் அரக்கில் வார்க்கப்பட்டுக் கள்ளுக்கடைதோறும் சூதாடு காய்களாய் உருள்கின்றன. கலமேறிக் கடலும் கடக்கின்றன.

முழுமதி உவாநாளில் கடலாட வந்த கொற்றி, நும் கரைமணலில் ஒரு கூட்டம் ஆடக் கண்டாள். ஒருவன் காயொன்றை வீசி, “இந்தப் பயலை நம்பாதேயடா மச்சான், தண்ணியைக் கண்டாலே விழுந்துவிடுவான்!” என்று சிரித்தான். அவள் குனிந்து பார்த்தாள். அது அவள் மகன். கண் திறந்திருந்தான்.

அக்காயை எடுத்துக்கொண்டு கொற்றி ஊர் திரும்பிய அன்று உமையாழ்வி தன் பட்டறையில் நிறம் குழைத்துக்கொண்டிருந்தாள். கொற்றி அழவும் இல்லை, ஏசவும் இல்லை. அரக்குக் காயை அவள் முன்னே வைத்தாள். “முகம் என் பிள்ளையுடையது. பார்வை எவனுடையதோ தெரியவில்லை” என்றாள். பின்னர், “உன் கைக்குத்தானே அம்மா தந்தேன், ஊர்க்கைக்கா தந்தேன்?” என்றாள். குழைத்த நிறம் கிண்ணத்திலேயே உலர்ந்தது. அன்றுமுதல் அவள் தூரிகை எடுத்திலள்.

எம் தூதன் நும் கீழுள்ள துறைக்காவலரிடம் முறையிட்டபோது அவர் கூறிய விடையையும் மறைத்தல் தகாது. “முகம் என்ன, வேலி கட்டிய வயலா ஐயா? கண் கண்டதைக் கை செய்யும். உங்கள் பெண் குருடாய் விட்ட காய்க்கு எங்கள் ஆள் கண் கொடுத்தான். கும்பிடு போடாமல் வழக்குக் கொண்டு வந்தீரே!” என்றாராம். சூழ நின்றோர் நகைத்தனராம்.

அந்நகைப்பு ஆற்றைக் கடந்து எம் ஊர் வந்து சேர்ந்தது. அதன்பின் தாய்மார் ஒருவர்பின் ஒருவராய்ப் பட்டறைக்கு வந்து, தத்தம் மக்களின் காய்களை ஆடையில் பொதிந்து எடுத்துச் சென்றனர். உமையாழ்வி தடுத்திலள், வேந்தரும் தடுத்திலர். வல்லுப்பலகை இப்போது வெறும் பலகை. காயின்றி ஆட்டம் இல்லை. ஆட்டமின்றி நீருக்குத் தீர்ப்பும் இல்லை. எம் படைக்கொட்டிலில் எவர் ஆணையும் இன்றியே பழைய வேல்களுக்கு எண்ணெய் இடுகின்றனர். ஏன் என்று கேட்டால் தலைகுனிகின்றனர். கை மட்டும் ஓய்வதில்லை. இதை அச்சுறுத்த எழுதவில்லை, பெருங்கடலனாரே. அஞ்சியே எழுதுகிறோம்.

ஆதலின் வேந்தர் வேண்டுவதும் விதிப்பதும் இவை. மாநாகன் எடுத்த அச்சுகள் உடைக்கப்படுக. கடையிலும் கலத்திலும் உள்ள அரக்குக் காய்கள் திரட்டப்பட்டு, உரிய இல்லங்களுக்கு மரியாதையோடு அனுப்பப்படுக. எழுதியவளையும் இல்லத்தாரையும் கேளாமல் எவரும் எந்த முகத்தையும் ஒற்றுதல் ஆகாது என்று நும் துறையில் முரசறைக. மாநாகன் முன்பனி பிறக்குமுன் கொற்றியின் வாயிலுக்கு வந்து அமர்தல் வேண்டும். அவன் உயிருக்கு எம் வேந்தர் பொறுப்பு. தண்டம் என்ன என்று வேந்தர் கேட்டபோது உமையாழ்வி கூறியது இதுவே: “நல்ல கைதான் அரசே. கேட்கத்தான் தெரியவில்லை. வந்து கேட்கட்டும்.” அவன் வாரானாயின், வரும் தைந்நாளில் கவைத்துறைக்கு எம்மவர் வருவர்; பலகை கொண்டு வருவர் என்று உறுதி கூற எம்மால் இயலாது.

வேல் பொறித்த முத்திரை இவ்வோலையில் இடப்படும் இவ்வேளையில், ஆற்றங்கரைச் சேயோன் கோயில் முன்றிலில் இரு பெண்டிர் அமர்ந்திருக்கின்றனர். கொற்றி தன் முந்தானை ஓரத்தைக் கிழித்து, அரக்குக் காயின் கண்களை மெல்லக் கட்டுகிறாள். உமையாழ்வி அணையவிருந்த எயினனின் வரவு விளக்குக்கு நெய் வார்த்துத் திரியைத் தூண்டுகிறாள். பின் இருவரும் கை குவிக்கின்றனர்.

வாராதவர் வருக. வந்தோர் வாழ்க. இரு கரைக்கும் நீர் ஒன்றாகுக.