கைப்பை வைத்த கதிரை

ஆரபியின் அப்பாவுக்கு,

ரொறன்ரோவில் தம்பி வீட்டுச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா?

நேற்று ஆரபியின் டிரம், பியூகிள் ஊதுகொம்பு அணியின் இந்த வருடக் கடைசிப் போட்டிக்குப் போனேன். மொன்றியல் துறைமுகத் தொழிலாளர்கள் தங்கள் பிள்ளைகளுக்காக எழுபது வருடத்துக்கு முன் தொடங்கிய அணியாம். இரண்டு தரம் கலைந்தபோதும் பழைய ஆட்களே திரும்பக் கூட்டினார்களாம். வயதெல்லை முடிந்து விலகுகிறவர்தான் கடைசிப் போட்டியில் முதல் அடி அடிப்பது அவர்களின் வழக்கம். இந்த முறை எங்கள் பிள்ளை.

உள்ளே போகமுன் கேட்டாள்: "அம்மா, அப்பா வந்தவரோ?"

"ஓம், வாறார்" என்றேன். பக்கத்துக் கதிரையில் என் கைப்பையை வைத்தேன்.

அவள் குச்சியை உயர்த்தியதும் பழைய அணிக்காரக் கிழவர்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு எழுந்தார்கள். ஊன்றுகோலோடு வந்தவரும் எழுந்தார். இவள் யார், என்ன சாதி ஆட்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அடி விழுந்தது. அத்தனை பியூகிளும் ஒன்றாய் முழங்கின.

"மேளம் அடிக்கிறது எங்கட ஆக்களின்ரை வேலையோ?" என்று கேட்டுவிட்டுத்தானே நீங்கள் ரொறன்ரோவுக்குப் போனீர்கள்.

முடிந்ததும் அவள் என்னைப் பார்க்கவில்லை. கைப்பையைத்தான் பார்த்தாள்.

அடுத்த வருடம் அவளும் அந்தக் கிழவர்களோடு எழுந்து நிற்பாள். உங்களுக்கு ஒரு கதிரை பிடித்து வைக்கட்டுமா?

இப்படிக்கு,
பிள்ளையின் அம்மா