இப்போது பார்ப்பவர்கள்

ஜனவரி 9

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நலம். சித்தியும் நீங்களும் நலம்தானே? சுற்றி வளைக்க எனக்கு நேரமில்லை. பேங்கில் தூங்குகிற பணத்தை எழுப்பி எங்கள் கம்பெனிப் பங்கில் போடுங்கள்.

உங்கள் வீட்டு வாசலில் இப்போது மழை பெய்கிறதா இல்லையா என்று சொல்வது எங்கள் இணையதளம். லாபம் உண்டா என்று கேட்காதீர்கள். நான் கேட்டதற்கு மேனேஜர் சிரித்தார். "லாபம் வந்தா, ஓஹோ, இவ்வளவுதானான்னு கணக்குப் போட்டுருவாங்கப்பா. வராத வரைக்கும் விலைக்கு எல்லையே கிடையாது."

சந்தை மதிப்பில் நாங்கள் மூன்று சிமென்ட் ஆலைகளுக்குச் சமம். ஆபீஸில் நாற்காலிதான் பத்தவில்லை. பிரிண்டர் வந்த அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

தளத்தின் முதல் பக்கத்தில் 'இப்போது பார்ப்பவர்கள்' என்று ஓர் எண் ஏறிக்கொண்டே இருக்கும். அதைச் செய்தவன் நான்தான். பாருங்கள், புரியும்.

உங்கள் அண்ணன் மகன்

பிப்ரவரி 20

அன்பு மகனுக்கு,

நீ எழுதிய மறுவாரமே வாங்கிவிட்டேன். தரைத்தள வீட்டுக்காக வைத்திருந்தது மொத்தமும். முப்பத்தொரு வருஷம் ஊரையே ஏற்றி இறக்கிய லிஃப்ட் மெக்கானிக், லிஃப்ட் இல்லாத கட்டிடத்தில் நாலாவது மாடிக்கு முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறான் என்று எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், இன்னும் ஆறு மாதம்தானே! வீடு விற்பவரைப் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன்.

சித்திதான் தொணதொணக்கிறாள். "மழை பெய்யுதான்னு ஜன்னலைத் திறந்து பார்த்தா தெரியாதா?"

"உனக்கு என்ன தெரியும்? பையன் அதுக்குத்தான் படிச்சிருக்கான்" என்று வாயை அடைத்துவிட்டேன்.

தினமும் மதியம் ஒரு மணிக்கு டிபன் பாக்ஸோடு எதிரே இருக்கும் பிரவுசிங் சென்டருக்குப் போய் உன் எண்ணைப் பார்க்கிறேன். லிஃப்டில் மாடி நம்பர் மாறுகிற மாதிரி என்னமாய் ஏறுகிறது!

உன் சித்தப்பா

மார்ச் 12

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

விலை இரண்டு மடங்கு ஆகிவிட்டது. சந்தோஷம். ஆனாலும் மொத்தத்தையும் ஒரே இடத்திலா போடுவார்கள்? பாதியையாவது விற்றுவிடலாமே. காரணம் என்று ஒன்றும் இல்லை. சித்தி சொல்வதையும் கொஞ்சம் கேளுங்கள்.

தினமும் போய் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். சாப்பாடு ஆறிவிடும்.

வேலை அதிகம். அதனால்தான் சின்னக் கடிதம்.

உங்கள் அண்ணன் மகன்

ஏப்ரல் 27

சித்தப்பா,

பேப்பரில் பார்த்திருப்பீர்கள். எங்கள் பங்கு இப்போது அதை அச்சடித்த காகிதத்தின் விலைகூடப் பெறாது.

மார்ச்சில் எழுதியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன். அந்த எண் பொய். பதினோரு வரி புரோகிராம். யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் நிமிஷத்துக்கு நாலைந்து கூட்டிக்கொண்டே போகும். "நிஜக் கூட்டம் வர்ற வரைக்கும்தான்யா. புதுக்கடை வாசல்ல பலூன் கட்டுறதில்லையா?" என்றார் மேனேஜர். நானும் கட்டினேன். உண்மையில் தளத்துக்கு வந்தது நாளுக்கு நாற்பது பேர். அதில் இருபத்தாறு பேர் நாங்களே.

ஒரு வரி எழுதியிருந்தால் நீங்கள் விற்றிருப்பீர்கள், வீடும் வந்திருக்கும். எழுதினால் என்னைப் பற்றி என்ன நினைப்பீர்களோ என்று எழுதவில்லை. இதைவிடக் கௌரவமான காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

நன்றாகத் திட்டி எழுதுங்கள்.

உங்கள் அண்ணன் மகன்

மே 10

மகனுக்கு,

எனக்கு அப்போதே தெரியும்.

பிப்ரவரி கடைசியில் ஒரு நாள் சென்டரில் இன்டர்நெட் ஒயர் பிடுங்கிக்கொண்டது. எந்தக் கம்ப்யூட்டரிலும் ஒன்றும் திறக்கவில்லை. ஆனால் நான் முன்பே திறந்து வைத்திருந்த பக்கத்தில் உன் எண் மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. லிஃப்ட் பெட்டி இரண்டாவது மாடியில் சிக்கி நிற்கும்போது நம்பர் ஏழு, எட்டு என்று ஓடினால் என்ன அர்த்தம் என்று எனக்கா தெரியாது?

சென்டர்காரர்கூடச் சொன்னார். "சார், இது சும்மா ஓடுது சார்."

"என் பையன் செஞ்சதுய்யா அது! வாயை மூடிட்டு ஒயரை மாட்டு" என்று பத்துப் பேர் எதிரில் சண்டை போட்டேன். என் கண்ணை நம்பாமல் உன்னை நம்பினேன். உன் மார்ச் கடிதம் வந்தபோதும் விற்கவில்லை. பையன் சும்மா பயப்படுகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

சித்தி உன்னைத் திட்டவில்லை. மூன்றாவது மாடித் திருப்பத்தில் ஒரு ஸ்டூல் போட்டிருக்கிறாள். உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுகிறோம்.

சித்தப்பா

ஜூன் 21

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

உங்கள் மே மாதக் கடிதத்துக்குப் பிறகு நான் எழுதும் நான்காவது கடிதம் இது. முந்தைய மூன்றுக்கும் பதில் இல்லை. கேட்கிற தகுதியும் எனக்கு இல்லை.

கம்பெனியை மூடிவிட்டார்கள். நாற்காலிகளை ஏலம் விட்டார்கள். என் அட்டைப்பெட்டியை யாரும் கேட்கவில்லை. அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

தளம் மட்டும் இந்த மாதக் கடைசி வரை ஓடும். யாரையும் கேட்காமல் என் பதினோரு வரியை அழித்துவிட்டு, உண்மையான எண்ணை வைத்துவிட்டேன். காலையிலிருந்து அது 'ஒன்று' என்றே காட்டும். அது நான். மதியம் ஒரு மணிக்கு 'இரண்டு' ஆகும். பத்து நிமிஷம் கழித்து மறுபடி 'ஒன்று'. தினமும் இப்படித்தான்.

நேற்று மட்டும் ஒன்றரை மணி வரை இரண்டாகவே இருந்தது. நானும் எழுந்திருக்கவில்லை.

உங்கள் அண்ணன் மகன்