கரட்டுத் தெருக் குழாயும் என் தொண்டையும்

2 செப்டம்பர், திங்கள்

இன்றிலிருந்து எங்கள் ஊராட்சிக்கு நான்தான் வாய். பஞ்சாயத்து ஆபீஸ் மொட்டைமாடியில் நாலு திசைக்கும் நாலு கூம்பு ஸ்பீக்கர் கட்டியிருக்கிறார்கள். கீழே ஒரு மைக், ஒரு சுவிட்சு, ஒரு ஸ்டூல். கிளர்க் சரவணக்குமார் எழுதித் தருவதை நான் காலையிலும் சாயங்காலமும் படிக்க வேண்டும். தலைவர் வெங்கடாசலத்திடம் என்னைச் சிபாரிசு செய்ததும் அவர்தான். "பூவாத்தாக்கா பேசுனா மைக்கே தேவையில்லீங்க" என்றாராம். பாராட்டா, கிண்டலா? பாராட்டு என்றே வைத்துக்கொள்கிறேன்.

இந்தச் சத்தம் எனக்குப் பிறவியில் வந்ததல்ல. இருபத்திரண்டு வருஷம் விசைத்தறி ஓட்டினேன், மூட்டு கெட்டதும் விட்டேன். வீட்டுக்காரர் சென்னிமலை இன்னும் ஓட்டுகிறார். அவர் காது முக்கால்வாசி தறிக்கே போய்விட்டது. டிவி முன்னால் உட்கார்ந்திருப்பவரிடம் "சோறு போடட்டுங்களா" என்று நான் கேட்டால் அடுத்த தெருவில் தட்டு எடுத்து வைப்பார்கள்.

ஒத்துக்கொண்டதற்குக் காரணம் சம்பளம் இல்லை. எங்கள் கரட்டுத் தெரு. முப்பத்திநாலு வீடு. காவிரித் தண்ணிக் குழாய் மாரியம்மன் கோயில் முக்கோடு நின்றுபோனது. அங்கிருந்து மேட்டில் ஏறி, இந்த மூட்டோடு, குடம் குடமாகச் சுமக்கிறேன். புதுக் குழாய் போடப் பைப்பெல்லாம் வந்து ஆபீஸுக்குப் பின்னால் அடுக்கிக் கிடக்கிறது. எந்தத் தெருவுக்கு என்று கிராம சபை தீர்மானம் போட வேண்டுமாம். அதற்கு நூறு பேர் வர வேண்டும். ஆகஸ்ட் பதினைந்துக்கு வந்தது அறுபத்தொரு பேர். அதிலும் பாதிப் பேர் மிட்டாய் வாங்கியதும் கிளம்பிவிட்டார்கள்.

அடுத்த கிராம சபை அக்டோபர் இரண்டு. மைக் என் கையில். நூறு பேரைக் கூப்பிட முடியாதா என்ன?

3 செப்டம்பர், செவ்வாய்

முதல் அறிவிப்பு. மக்கும் குப்பையைப் பச்சைக் கூடையில் போடவும், வியாழக்கிழமை ஆடுமாடுகளுக்குத் தடுப்பூசி முகாம். "அன்பார்ந்த பொதுமக்களே" என்று ஆரம்பித்தபோது குரல் நடுங்கவில்லை. பெருமையாக வீட்டுக்கு வந்தேன். எதிர்வீட்டுக் குஞ்சம்மாள் தறிப்பட்டறையிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏம்புள்ள, இன்னைக்கு மைக்குல பேசறேன்னயே, எப்பப் பேசுவ?" என்கிறாள்.

5 செப்டம்பர், வியாழன்

தடுப்பூசி முகாமுக்கு வந்தவை: ஆடு இரண்டு, நாய் ஒன்று. ஆடு இரண்டும் தலைவர் வீட்டு ஆடு. நாய், டாக்டர் அம்மா கொண்டு வந்த பிஸ்கட்டுக்காக வந்தது. அந்த அம்மா என்னிடம், "ஊர்ல அறிவிப்பு கொடுத்தீங்களா இல்லையாங்க?" என்று கேட்டுவிட்டார்கள். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

9 செப்டம்பர், திங்கள்

கண்டுபிடித்துவிட்டேன். இன்று கிளர்க்கைப் பேச வைத்துவிட்டு நான் ஊரைச் சுற்றி நடந்தேன். வீட்டுக்கு நாலு தறி, சில வீட்டில் எட்டு. தீபாவளிச் சரக்கு வேறு. எந்தத் தெருவில் நின்றாலும் டக்கடக் டக்கடக்தான். சரவணக்குமார் தொண்டை கிழியப் பேசியது எனக்கு ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கிற இடம் இரண்டே இரண்டு: சுடுகாடு, தலைவர் வீடு. அவர் வீடு மெயின் ரோட்டில், போர்வெல் போடுகிற அவருடைய ரிக் லாரிகள் நிற்கிற தோட்டத்துக்குள் இருக்கிறது. தறி வாசனையே தெரியாத குடும்பம்.

"ஏனுங்கம்மிணி, கணீர்னு கேக்குதுங்களே" என்கிறார் அவர்.

12 செப்டம்பர், வியாழன்

பத்தரை மணிக்குக் கரண்ட் போனது. ஊரே கப்சிப். தறிக்காரர்கள் எல்லாரும் வாசலுக்கு வந்து நின்றார்கள். இதைவிட நல்ல சமயம் வருமா? அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன், மூட்டு வலி, செருப்பு அறுந்தது, எதையும் பார்க்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து மைக்கைப் பிடித்து "அன்பார்ந்த பொதுமக்களே—"

மைக்குக்கும் கரண்ட் வேண்டுமே! அது கூடவா தோன்றாது? மூளையைக் கழற்றி அடுப்பு மேலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

அங்கேயே காத்திருந்தேன். பதினொன்றேகாலுக்குக் கரண்ட் வந்தது. மைக் உயிர்த்தது. ஊரில் அத்தனை தறியும் கூடவே உயிர்த்தது.

13 செப்டம்பர், வெள்ளி

தலைவரிடம் மைக்குக்கு ஒரு பேட்டரி கேட்டேன். "வாங்கிப் போடலாமுங்க. கிராம சபையில ஒரு தீர்மானம் போட்டுட்டா வாங்கிரலாமுங்க."

14 செப்டம்பர், சனி

பேட்டரி வந்தால்தான் ஆள் வரும். ஆள் வந்தால்தான் பேட்டரி வரும். தலைவலித் தைலம் தீர்ந்துவிட்டது.

20 செப்டம்பர், வெள்ளி

கிளர்க் ஒரு யோசனை சொன்னார்: ஊர் வாட்ஸப் குரூப். கிராம சபை அறிவிப்பை அதில் போட்டோம். அடுத்த பத்து நிமிஷத்தில் அதன் மேல் நாற்பது ரோஜாப்பூவும் இரண்டு முருகனும் வந்து விழுந்தன. மேலே தேடிக்கொண்டே போனால்தான் எங்கள் அறிவிப்பு தெரியும். ஒரே ஒருவர் மட்டும் பதில் போட்டிருந்தார்: "அருமையான தகவல். இனிய காலை வணக்கம்."

25 செப்டம்பர், புதன்

இனி மைக்கை நம்பிப் புண்ணியமில்லை. ஒவ்வொரு பட்டறை வாசலிலும் நின்று நேராகவே கத்துவதென்று முடிவெடுத்து, இன்று ஒரு தெருவை முடித்தேன். ஒவ்வொரு வாசலிலும் மூன்று தடவை. உள்ளே இருப்பவர்கள் தலையாட்டினார்கள். எதற்கு ஆட்டினார்களோ!

27 செப்டம்பர், வெள்ளி

குரல் போய்விட்டது.

கம்மவில்லை, கரகரக்கவில்லை. சுத்தமாகப் போய்விட்டது. வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. திருச்செங்கோட்டு டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, பத்து நாள் ஒரு வார்த்தை பேசக் கூடாது, பேசினால் நிரந்தரமாகப் போய்விடும் என்கிறார். கூட வந்த என் வீட்டுக்காரர் திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "என்னமோ இன்னைக்குப் பஸ்ஸு அமைதியா இருக்குது" என்றார். முழங்கையால் ஒரு இடி வைத்தேன். காது கேட்காத மனுசனுக்கு அமைதியைப் பற்றி என்ன தெரியும்?

சிரிப்பாக எழுதுகிறேன். உள்ளுக்குள் சிரிப்பு வரவில்லை. இன்னும் அஞ்சே நாள் இருக்குது. இந்தத் தடவையும் ஆள் சேரலைன்னா பைப்பை வேற எங்கயாவது கொண்டு போயிருவாங்க. அப்புறம் சாகற வரைக்கும் குடந்தான். நூறு பேர்த்துக்கு நான் எங்க போவேன், மாரியாத்தா?

28 செப்டம்பர், சனி

இதை நிதானமாக எழுத வேண்டும்.

பத்து மணிக்கு இவருக்கு டீ கொண்டு போனேன். நாலு தறியும் ஓடிக்கொண்டிருந்தது. இவர் அந்தக் கோடியில் நின்றபடி என்னைப் பார்த்து உதட்டை அசைத்தார்: "சக்கரை போட்டயா?" நானும் உதட்டை அசைத்தேன்: "போட்டிருக்குது, கலக்கிக் குடிங்க." அவர் கலக்கிக் குடித்தார். நான் டம்ளரை வாங்கிக்கொண்டு வாசல் வரைக்கும் வந்தேன். வந்து அப்படியே நின்றுவிட்டேன்.

இருபத்திரண்டு வருஷம் இப்படித்தானே பேசினோம்! தறி ஓடும்போது யார் கத்தினார்கள்? பாவு நூல் அறுந்தது, கரண்டு பில் வந்தது, பிள்ளைக்குக் காய்ச்சல், எல்லாம் உதட்டிலும் கையிலும்தானே. குஞ்சம்மாளும் நானும் ஆறு மாசம் சண்டை போட்டோமே, ஒரு வார்த்தை சத்தமாக வந்ததா? இந்த ஊரில் தறி ஓட்டுகிற ஒவ்வொருத்தருக்கும் தெரிந்த பாஷையை விட்டுவிட்டு, ஒரு மாசமாக ஸ்டூலில் உட்கார்ந்து கத்தியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. சந்தோஷமாகவும் இருக்கிறது.

இன்னொன்றும் தோன்றியது. பட்டறையில் இவருக்கு நான் சொல்வது ஒன்று விடாமல் புரிகிறது. வீட்டில்தான் கத்த வேண்டியிருக்கிறது. வீட்டில் இவர் என் முகத்தைப் பார்த்தால்தானே? டிவியைத்தானே பார்க்கிறார்.

1 அக்டோபர், செவ்வாய்

மூன்று நாளாக நடை. எல்லாத் தெருவும் முடித்தாயிற்று. வாசலில் நிற்பேன், கையைத் தட்டி ஆட்டுவேன், நிமிர்ந்து பார்ப்பார்கள். நாளைக்கு, பதினோரு மணி, ஆபீஸ், தண்ணி. தண்ணிக்கு இடுப்பில் குடம் வைக்கிற மாதிரி ஒரு சாடை. ஒரு நிமிஷத்தில் வேலை முடிந்தது. "சரக்கு முடிக்கோணுமே" என்று உதட்டால் அழுதவர்களிடம், "ஒரு மணி நேரம் நிறுத்துனா தறி எந்திரிச்சு ஓடிப் போயிராது" என்றேன். அத்தனையும் சத்தமில்லாமல்.

வருவார்களா?

2 அக்டோபர், புதன்

நூற்று நாற்பத்திமூன்று பேர்!

நாற்காலி பத்தவில்லை. அடுக்கியிருந்த பைப்பு மேலேயே பாதிப் பேர் உட்கார்ந்தார்கள். தலைவர் காரிலிருந்து இறங்கியதும், "என்னப்பா, யாராச்சும் தவறிட்டாங்களா?" என்று கிளர்க்கிடம் கேட்டார். பக்கத்துப் பட்டறையில் மட்டும் தறி ஓடிக்கொண்டிருந்தது, அதனால் அவர் மைக்கில் பேசியது யாருக்கும் கேட்கவில்லை. யாரும் அதைப் பற்றிக் கவலைப்படவும் இல்லை. எல்லாரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். இவ்வளவு மரியாதையாக யாரும் தன்னைக் கவனித்ததில்லை என்று அவருக்கு ஒரே பூரிப்பு.

பேட்டரி தீர்மானம் ஆயிற்று. கொசு மருந்து ஆயிற்று. அடுத்தது குடிநீர்க் குழாய். தலைவர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு கிளர்க் பக்கம் சாய்ந்து சொன்னார்:

"கரட்டுத் தெருவுக்குன்னு எழுதாத, பொதுவா எழுது. பைப்பு பூராவும் நம்ம மச்சான் சைட்டுக்குப் போகட்டும். இதுகளுக்கு என்ன தெரியப்போகுது, டீயக் குடுத்து அனுப்பீரு."

மைக்கைத்தான் பொத்தினார். வாயைப் பொத்தவில்லை.

நூற்று நாற்பத்திமூன்று பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். குஞ்சம்மாள்தான் முதலில் எழுந்து, தறிச் சத்தத்தையும் மீறிக் கத்தினாள். "ஏனுங்க தலைவரே, எந்த மச்சானுங்க? பெரியவருங்களா, சின்னவருங்களா?"

தலைவர் முகம் வெளுத்துவிட்டது. மைக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏப்பா, இது ஆன்லயா இருந்துது?" என்று கிளர்க் மேல் பாய்ந்தார். "நீங்கதானுங்க பொத்தீட்டு இருந்தீங்க" என்றார் சரவணக்குமார் பாவமாக. பைப்பு மேல் உட்கார்ந்திருந்த ஒருவர், "டீ நல்லாத்தானுங்க இருக்கும், தீர்மானத்த எழுதீட்டுக் குடுங்க" என்றார். ஒரே சிரிப்பு.

தலைவர் சமாளிக்கப் பார்த்தார். "அம்மிணி, நீங்க நம்ம பஞ்சாயத்து ஆளு, நீங்களே சொல்லுங்க" என்று என்னைக் காட்டினார். எனக்குக் குரல் இல்லை என்று தெரிந்துதான் கேட்டார். எழுந்து முன்னால் போனேன். உதட்டை அசைத்தேன்.

பின்வரிசையிலிருந்து இவர் எழுந்தார். கல்யாண வீட்டில்கூட நாலு வார்த்தை சேர்த்துப் பேசாத மனுசன். காது கேட்காதவர்களுக்கே உள்ள அந்த உச்சக் குரலில், என் உதட்டைப் பார்த்துப் பார்த்துச் சொன்னார். "முப்பத்திநாலு ஊடுங்க. ரெண்டு வருசமா கேக்கறமுங்க. எனக்கு மூட்டு போயிருச்சுங்க. இந்தப் பைப்பு எங்க தெருவுக்குத்தான் வரோணுமுங்க." எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கோபமும் வந்தது. வாய்க்குள்ளேயே, கேட்காதென்ற தைரியத்தில், "மச்சானுக்குச் சொம்பு தூக்கறதுக்கா உங்களுக்கு ஓட்டுப் போட்டோம்" என்றேன். இவர் அதையும் ஒரு எழுத்து விடாமல் ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டார்.

தீர்மானம் எழுதப்பட்டது. கரட்டுத் தெரு என்று பேர் போட்டு. கிளர்க் படித்துக் காட்ட, நூற்று நாற்பத்திமூன்று கையெழுத்து. டீயும் குடித்தோம்.

10 அக்டோபர், வியாழன்

தலைவர் இப்போதெல்லாம் கிளர்க்கிடம் பேசும்போது துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொள்கிறாராம். ஊருக்குள் வந்தால் கார் கண்ணாடியும் மேலே ஏறிவிடுகிறது.

14 அக்டோபர், திங்கள்

காலையில் பால்காரரிடம் "நில்லுங்க" என்றேன். சத்தமாக வந்தது! டாக்டர் சொன்ன பத்து நாளுக்கு மேல் ஒரு வாரம் சேர்த்து வாய் மூடியிருந்த பலன். இவர் உள்ளேயிருந்து, "வந்துருச்சா?" என்று கேட்டார். முகத்தில் சந்தோஷத்தைத் தேடினேன். கொஞ்சம் இருந்தது.

18 நவம்பர், திங்கள்

எங்கள் தெருவில் பள்ளம் தோண்டுகிறார்கள். வீட்டுக்கு வீடு பலகை போட்டுத் தாண்டுகிறோம். குஞ்சம்மாள் நேற்று உள்ளே விழுந்தாள். எழுந்து நின்று, "பரவால்ல, ஆழமாத்தான் தோண்டியிருக்கறாங்க" என்றாள்.

4 டிசம்பர், புதன்

மைக்குக்குப் பேட்டரி வந்து ஒரு வாரமாகிறது. கிளர்க் இன்னும் அட்டைப் பெட்டியைப் பிரிக்கவில்லை, நானும் கேட்கவில்லை. காலையில் தெருவுக்கு ஒரு நடை போய்வருகிறேன், சேதி போய்ச் சேர்ந்துவிடுகிறது.

இன்று ஆறு மணிக்கு வாசல் குழாயைத் திருகினேன். முதலில் காற்று. பிறகு செம்மண் கலங்கல். பிறகு நல்ல தண்ணீர். எதிர்வீட்டில் குஞ்சம்மாள் குழாயிலும் தண்ணீர் கொட்டியது.

இவரைக் கூப்பிடலாம் என்று வாயைத் திறந்துகொண்டே உள்ளே திரும்பினேன். டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. இவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "தண்ணி வந்துருச்சுங்க" என்று உதட்டை மட்டும் அசைத்தேன். குடத்தை எடுத்துக்கொண்டு வந்தார்.